கிட்ஸ் கம்பெனியின் கணக்குப் புத்தகம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்துக்கொண்டு நின்றபோது தெரிந்த அக்கா ஒருவர் பிடித்துக்கொண்டார். அவரும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து இங்கே தெற்கு லண்டனில் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறார்கள். பேச்சு வரத் தாமதமாகிற குழந்தைகளுக்கு இலவசமாகப் பேச்சுப் பயிற்சி.

"தம்பி, நீங்க கணக்குப் பாக்கிற ஆள். எங்களுக்கு ட்ரஸ்டியா வாங்களேன். வருஷத்துக்கு நாலு மீட்டிங்தான். கையெழுத்துப் போட்டா போதும்."

"யோசிச்சுச் சொல்றேன் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கடைசி வாக்கியம்தான் உறுத்தியது. குழந்தைகளுக்கான அறக்கட்டளை ஒன்றில், நல்லவர்கள், பிரபலமானவர்கள், படித்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்த கதை எங்கள் வீட்டிலிருந்து சில பேருந்து நிறுத்தங்கள் தள்ளித்தான் நடந்தது. அதைப் பற்றி வந்த அறிக்கைகளையும் தீர்ப்பையும் இந்த ஒரு மாதமாக உட்கார்ந்து படித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

ரயில் பாலத்தின் அடியில்

1996-இல் தெற்கு லண்டன் கேம்பர்வெல் பகுதியில், ரயில் பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் கிட்ஸ் கம்பெனி தொடங்கியது. தொடங்கியவர் கமிலா பாட்மன்கெலிஜ். டெஹ்ரானில் 1963-இல் பிறந்தவர், உளச்சிகிச்சை படித்தவர். பல வண்ணத்தில் தலைப்பாகையும் தொளதொள அங்கியுமாக இருப்பார். அந்தக் காலத்தில் பிரிட்டனில் டிவி பார்த்த எவருக்கும் அந்த உருவம் மறக்காது.

அவர் செய்ததில் புதுமை என்ன? வழக்கமாக இந்த ஊரில் ஒரு குழந்தைக்கு மனநலச் சிகிச்சை வேண்டுமென்றால் யாராவது பெரியவர் பரிந்துரைக்க வேண்டும். டாக்டர், ஆசிரியர், சமூகநலப் பணியாளர், இப்படி ஒருவர். பிறகு காத்திருப்புப் பட்டியல். கமிலாவின் கேள்வி எளிமையானது: பரிந்துரைக்க ஒரு பெரியவரே இல்லாத குழந்தை என்ன செய்யும்? அம்மா போதையில், அப்பா எங்கேயோ, பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளை எந்தக் கதவைத் தட்டும்?

அதனால் கிட்ஸ் கம்பெனியில் பிள்ளைகள் தாங்களாகவே நடந்து வரலாம். சாப்பாடு உண்டு, ஓவியம் உண்டு, பேச ஆள் உண்டு, சிகிச்சை உண்டு. வந்த எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதே கொள்கை. ஆரம்ப நாட்களில் தன் வீட்டை அடமானம் வைத்துச் செலவு செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

இந்தக் கொள்கையைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெருமை அதில்தான் இருந்தது. அதன் கணக்குச் சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வருகிற பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு மேல்வரம்பு கிடையாது. வருகிற பணத்துக்கு உண்டு.

பணம் வந்த வழி

2003-லேயே முதல் அறிகுறி தெரிந்துவிட்டது. நிறுவனம் அரசுக்குக் கட்ட வேண்டிய வரிப் பாக்கி 5,90,000 பவுண்டை வருவாய்த் துறை தள்ளுபடி செய்தது. ஊழியர் சம்பளத்தில் பிடித்துக் கட்ட வேண்டிய வரியைத் தாமதிப்பது, கையில் காசில்லாத நிறுவனம் முதலில் செய்கிற காரியம். கடன் கொடுத்தவர்களில் உடனே கதவைத் தட்டாத ஆள் வரித் துறைதானே! கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரியும்.

பிறகு பணம் வந்தது, நிறையவே வந்தது. கோல்ட்ப்ளே இசைக்குழு, ஜே.கே. ரௌலிங் போன்றவர்கள் நன்கொடை கொடுத்தார்கள். லேபர் அரசும் கொடுத்தது, அடுத்து வந்த டேவிட் கேமரூன் அரசும் கொடுத்தது. தேசியத் தணிக்கை அலுவலகம் 2015 அக்டோபரில் கூட்டிப் பார்த்தபோது, அந்த நிறுவனத்தின் ஆயுட்காலத்தில் அது வாங்கிய பொதுப் பணம் குறைந்தது 4 கோடியே 60 லட்சம் பவுண்டு. இதில் மத்திய அரசின் பங்கு மட்டும் குறைந்தது 4 கோடியே 20 லட்சம்.

தணிக்கை அலுவலகத்தின் அறிக்கையில் என்னை நிறுத்தியது இந்தத் தொகை அல்ல. அந்தப் பணம் கேட்கப்பட்ட விதம். திரும்பத் திரும்ப ஒரே வரிசையில் அது நடந்திருக்கிறது:

நிறுவனம் புதிய மானியம் கேட்கும். அதிகாரிகள் தயங்குவார்கள். உடனே அமைச்சர்களுக்குக் கடிதம் போகும், பணம் வராவிட்டால் ஆட்குறைப்பு, மையங்கள் மூடல் என்று. ஏறக்குறைய அதே நேரத்தில் அதே கவலை பத்திரிகைகளிலும் வரும். அமைச்சர் அதிகாரிகளை அழைத்து, வேறு வழி இருக்கிறதா பாருங்கள் என்பார். மானியம் கிடைத்துவிடும்.

2002-இலிருந்தே அதிகாரிகள் இந்த நிறுவனத்தின் பண நிலையைப் பற்றிக் கோப்புகளில் கவலையை எழுதி வைத்திருக்கிறார்கள். கோப்பு ஒரு பக்கம் தடித்துக்கொண்டே போனது, மானியம் ஒரு பக்கம் போய்க்கொண்டே இருந்தது. 2013-இலிருந்து மற்ற அறக்கட்டளைகளோடு போட்டியிட்டு விண்ணப்பிக்கிற முறைகூட இல்லை, நேரடி மானியம்தான்.

இதற்காகக் கமிலாவைத் திட்டுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் பார்வையில் பாருங்கள். கதவுக்கு வெளியே பிள்ளைகள் நிற்கிறார்கள். கத்தினால் பணம் வருகிறது, கத்தாவிட்டால் வரவில்லை. பத்து வருஷம் இப்படியே நடந்தால் எந்த நிர்வாகியும் ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்வார்: நெருக்கடி வந்தால்தான் வருமானம். அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது அரசு.

ஒரு நாள் செலவு எவ்வளவு?

2009-இல் நிறுவனத்தின் வருமானம் சுமார் 1 கோடியே 30 லட்சம் பவுண்டு. 2013-இல் சுமார் 2 கோடியே 30 லட்சம். நாலே வருஷத்தில் முக்கால் மடங்குக்கு மேல் வளர்ச்சி. இந்த வருஷங்களில் வந்த பணம் ஏறக்குறைய முழுவதும் அந்தந்த வருஷமே செலவாகிவிட்டது.

இதில் என்ன தப்பு, பிள்ளைகளுக்குத்தானே செலவு செய்தார்கள் என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். வருஷத்துக்கு 2 கோடியே 30 லட்சம் என்றால் ஒரு நாளுக்குச் சுமார் 63,000 பவுண்டு. எதிர்பார்த்த நன்கொடை ஒன்று பத்து நாள் தள்ளிப் போனால், 6 லட்சத்துக்கு மேல் துண்டு விழும். மூன்று மாதச் செலவையாவது கையிருப்பாக வைத்திருக்க வேண்டுமென்றால், சுமார் 57 லட்சம் பவுண்டு வங்கியில் சும்மா கிடக்க வேண்டும். கிட்ஸ் கம்பெனியிடம் அதற்குப் பக்கத்தில்கூட எதுவும் இருந்ததில்லை.

கையிருப்பு என்பதைச் சேமிப்பு என்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறோம். குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் இடத்தில் அது சிகிச்சையின் ஒரு பகுதி. காரணம் இதுதான்: உணவு கொடுக்கும் அறக்கட்டளை நின்றுபோனால், இன்னொருவர் உணவு கொடுத்துவிடலாம். சிகிச்சை அப்படியல்ல. பெரியவர்கள் எல்லாரும் கைவிட்ட ஒரு பிள்ளை, ஒருவரை நம்பிப் பேச ஆரம்பிக்கவே ஒரு வருஷம் ஆகலாம். அந்த ஒருவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால், பழைய காயம்தான் மறுபடி திறக்கிறது. முறையாகச் சிகிச்சையை முடிக்கவும், பிள்ளையை இன்னொருவர் கையில் ஒப்படைக்கவும் சில மாதங்கள் வேண்டும். கையிருப்பு வாங்கித் தருவது அந்தச் சில மாதங்களைத்தான்.

நிறுவனத்தின் கணக்குத் தணிக்கையாளர்கள் இதை எச்சரித்திருந்தார்கள். அரசு ஏற்பாடு செய்த 2014 ஆய்வும் பண வரத்து நிலையைக் குறித்துச் சொன்னது. ஒவ்வொரு வருஷக் கணக்கிலும் கையிருப்பைக் கூட்டுவது நோக்கம் என்ற மாதிரி ஒரு வரி இருக்கத்தான் செய்தது. அடுத்த வருஷமும் அதே நோக்கம்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள்

அறங்காவலர் குழுவுக்கு 2003-இலிருந்து தலைவராக இருந்தவர் ஆலன் யென்டாப். பிபிசியில் மிகப் பெரிய பதவியில் இருந்தவர். கடைசி நாள் வரை, பன்னிரண்டு வருஷம் அவர்தான் தலைவர். கமிலா தொடக்கத்திலிருந்து கடைசி மாதங்கள் வரை தலைமை நிர்வாகி. மற்ற அறங்காவலர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல, தத்தம் துறையில் பெயர் வாங்கியவர்கள். ஒரு பைசா சம்பளம் கிடையாது.

2016 பிப்ரவரியில் பெர்னார்ட் ஜென்கின் தலைமையிலான நாடாளுமன்றக் குழு அறிக்கை வெளியிட்டது. அந்தக் குழு கண்ட குறை: நிர்வாகியின் முடிவுகளைக் குறுக்கிட்டுக் கேட்கிற அளவுக்கு இளைஞர் நலப் பணியிலோ உளச்சிகிச்சையிலோ அனுபவம் உள்ளவர்கள் அந்த மேசையில் இல்லை. இந்தக் குறையின் கனத்தைப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு வாராவாரம் கையில் பணம் கொடுக்கிறார்கள். இது சிகிச்சையின் பகுதியா, இல்லையா? வங்கியாளருக்கு எப்படித் தெரியும்? "இந்தப் பிள்ளைக்கு இது வேண்டும்" என்று உளச்சிகிச்சையாளர் சொன்னால், அவர் தலையாட்டுவதைத் தவிர வேறென்ன செய்வார்?

எண்ணிக்கை விஷயமும் இப்படித்தான். 36,000 பேருக்கு உதவுகிறோம் என்று நிறுவனம் சொல்லி வந்தது. மூடியபோது உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளின் கோப்புகள் 2,000-க்கும் குறைவு. உடனே பொய் என்று பாய வேண்டாம். ஒரு வகுப்பறையில் வேலை செய்தால் அந்த வகுப்பு முழுவதையும் எண்ணுவது, பெற்றோரையும் எண்ணுவது என்று விரிவான கணக்கு அது. தீவிரமான தேவையில் இருந்த பிள்ளைகள் வேறு கணக்கு. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் போட்டதும், "ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவாகிறது?" என்ற அடிப்படைக் கேள்விக்கே பதில் கிடைக்காமல் போனது. 2013-இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் நிறுவனத்தைப் பாராட்டி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்ததும் கிட்ஸ் கம்பெனிதான்.

கடைசி ஐந்து வாரங்கள்

2015 கோடையில் மறுபடி பணமில்லை. ஜூன் மாதம் அமைச்சரவை அலுவலகத்துக்குப் போன ஓர் ஆவணம், நிறுவனம் மூடினால் தெருக்களில் கலவரமும் கொள்ளையும் தீவைப்பும் வரலாம் என்று எச்சரித்தது. இந்த முறை கேட்டது 30 லட்சம் பவுண்டு, நிறுவனத்தைச் சீரமைக்க. கமிலா தலைமை நிர்வாகி பொறுப்பிலிருந்து விலக வேண்டும், தனியார் கொடையாளர் ஒருவரும் அதே அளவு தருவார் என்பது ஏற்பாடு.

துறைச் செயலாளர் ரிச்சர்ட் ஹீட்டன் மறுத்தார். இது பொதுப் பணத்துக்கு ஏற்ற செலவு அல்ல, அமைச்சர்கள் எழுத்தில் உத்தரவிட்டால்தான் கொடுப்பேன் என்றார். அமைச்சர்கள் ஆலிவர் லெட்வினும் மேத்யூ ஹான்காக்கும் ஜூன் 29-ஆம் தேதி எழுத்தில் உத்தரவிட்டார்கள்.

ஜூலை 30-ஆம் தேதி பணம் போய்ச் சேர்ந்தது. அதே நாள், நிறுவனம் சம்பந்தப்பட்ட பாலியல் குற்றச்சாட்டுகளைப் போலீஸ் விசாரிப்பதாகச் செய்தி வந்தது. கொடையாளர்கள் பின்வாங்கினார்கள். ஆகஸ்ட் 5, புதன்கிழமை, கிட்ஸ் கம்பெனி கதவை மூடியது. பள்ளி விடுமுறைக் காலம். வேறெங்கும் போக வழியில்லாத பிள்ளைகள் வழக்கம்போல வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே நின்றார்கள்.

2016 ஜனவரியில் போலீஸ் விசாரணையை முடித்தது. குற்றம் நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். ஆனால் அப்போது காப்பாற்ற நிறுவனம் இல்லை.

தீர்ப்பு சொன்னது

இதுவரை படித்தவர்கள், "எல்லாரையும் உள்ளே தள்ள வேண்டும்" என்று நினைத்தால், அரசும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தது. திவாலான நிறுவனங்களைக் கையிலெடுக்கும் அரசு அதிகாரி, கமிலா மீதும் முன்னாள் அறங்காவலர்கள் ஏழு பேர் மீதும் வழக்குப் போட்டார். இனி எந்த நிறுவனத்திலும் இயக்குநராக இருக்கக் கூடாது என்று தடை கேட்டு. குற்றச்சாட்டு ஒன்றே ஒன்று: நீடிக்க முடியாத முறையில் நிறுவனத்தை நடத்தினார்கள்.

2021 பிப்ரவரி 12-ஆம் தேதி, பத்து வாரம் நடந்த விசாரணைக்குப் பிறகு நீதிபதி ஃபால்க் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அறங்காவலர்கள் தகுதியற்றவர்கள் அல்ல, நேர்மையாக, அக்கறையோடு நடந்துகொண்டவர்கள் என்றார். கமிலா சட்டப்படி இயக்குநரே அல்ல என்றார். ஆதாரமற்ற அந்தக் குற்றச்சாட்டுகள் வராமல் இருந்திருந்தால், சீரமைப்பு வெற்றி பெற்று நிறுவனம் பிழைத்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னார். சம்பளமில்லாமல் பொறுப்பேற்கிறவர்களை இப்படி இழுத்தால் நாளைக்கு யார் வருவார்கள் என்ற கவலையும் தீர்ப்பில் இருக்கிறது.

2022 பிப்ரவரியில் சாரிட்டி கமிஷன் தன் அறிக்கையை வெளியிட்டது. நேர்மைக்கேடு எதுவும் இல்லை, ஆனால் நிர்வாகத்தில் குறை உண்டு என்றது. அது சுட்டிய முக்கியக் குறை என்ன தெரியுமா? கடன்காரர்களுக்கும் வரித் துறைக்கும் உரிய நேரத்தில் பணம் கட்டாதது. 2003-இல் பார்த்த அதே வியாதி. அந்த அறிக்கையை எதிர்த்துக் கமிலா நீதிமன்றம் போனார். அது முடிவதற்குள், 2024 ஜனவரி 1-ஆம் தேதி காலமானார்.

நாடாளுமன்றக் குழு முன் அவரும் யென்டாப்பும் சாட்சி சொன்ன அந்த ஒரு நாளை வைத்து, 2017-இல் லண்டன் டான்மர் அரங்கில் ஒரு இசை நாடகமே போட்டார்கள். ஊருக்கு அது வேடிக்கை. 2021 தீர்ப்பை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

நீதிபதி சொன்னதையும் கமிஷன் சொன்னதையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். யாரும் திருடவில்லை. திருடாமலேயே ஒரு நிறுவனம் விழலாம். ஒரு வதந்தி, ஒரு செய்தி, ஒரு கொடையாளரின் மனமாற்றம், இது எந்த நிறுவனத்துக்கும் வரும். ஆறு மாதம் தாங்கியிருந்தால் போலீஸ் விசாரணையே அவர்களைக் காப்பாற்றியிருக்கும். அவர்களிடம் ஆறு நாள்தான் இருந்தது.

அக்காவுக்கு என்ன சொன்னேன்

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ பதிவு செய்த அறக்கட்டளை என்றால் பெரும்பாலும் அதன் கணக்கை யாரும் கமிஷனின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நான் அக்காவின் அறக்கட்டளைக் கணக்கைப் பார்த்தேன். நீங்களும் எங்காவது பணம் கொடுப்பதற்கு முன், பெயர் போடுவதற்கு முன், இவற்றைப் பாருங்கள்.

கையிருப்பு எத்தனை நாள் செலவுக்கு வரும்? அந்தக் கையிருப்பில் இன்ன காரியத்துக்கு மட்டும் என்று கட்டிப்போட்ட பணம் எவ்வளவு? (அதில் சம்பளம் கொடுக்க முடியாது.) ஒரு வருஷத்துக்குள் கட்ட வேண்டிய கடனில் வரிப் பாக்கி இருக்கிறதா? மொத்த வருமானத்தில் ஒரே இடத்திலிருந்து வருவது எவ்வளவு? தலைவரும் நிர்வாகியும் எத்தனை வருஷமாக அதே ஆட்கள்? 2017-இல் வந்த அறக்கட்டளை நிர்வாக நெறிமுறை, ஒருவர் ஒன்பது வருஷத்துக்கு மேல் அறங்காவலராக இருந்தால் அதற்குக் காரணம் சொல்லச் சொன்னது. கடைசியாக, சிகிச்சையைப் பற்றிக் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவராவது மேசையில் உண்டா?

அக்காவின் அறக்கட்டளையில் வரிப் பாக்கி இல்லை. கையிருப்பு பத்தொன்பது நாளுக்கு வரும்.

போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு கேட்டார்: "பதினோரு பிள்ளைங்க லிஸ்ட்ல நிக்குது தம்பி. அதுங்கள நிக்க வெச்சிட்டு காச பேங்க்ல போடச் சொல்றீங்களா?"

ஆமாம் என்றேன். சொல்லும்போது எனக்கே வாய் கூசியது. ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் இருபத்து நாலு பிள்ளைகளுக்காக என்றேன். மூன்று மாதச் செலவு சேரும் வரை, ஒவ்வொரு புதுப் பிள்ளையைச் சேர்க்கும்போதும் அந்தப் பிள்ளையின் முழுப் பயிற்சிக்கும் பணம் இருக்கிறதா என்று பார்த்துச் சேர்ப்போம். பேச்சுப் பயிற்சி தெரிந்த ஒருவரை, நம் சிநேகிதர் அல்லாத ஒருவரை, ட்ரஸ்டியாகக் கூப்பிடுவோம். இது இரண்டுக்கும் சம்மதம் என்றால் நானும் வருகிறேன், கையெழுத்துப் போட மட்டும் அல்ல என்றேன்.

வியாழக்கிழமை மீட்டிங். அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பதினோரு பிள்ளைகளின் வயதை மட்டும் எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறார். சின்னப் பிள்ளைக்கு இரண்டே முக்கால் வயது.